தமிழில் வானியல் பொட்காஸ்ட்: கொழும்பு வானத்துக்கு ஏற்றபடி செய்ய ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விண்வெளி பற்றித் தமிழில் பேசும் பொட்காஸ்ட்டுகளும் காணொளிகளும் இப்போது நிறையவே வருகின்றன. சாதாரண தர மாணவர் முதல் ஓய்வுபெற்றவர் வரை கேட்கிறார்கள். ஆனால் கொழும்பிலோ வவுனியாவிலோ இருந்து கேட்பவர், சொன்ன நேரத்துக்கு வெளியே போய் அண்ணாந்து பார்த்தால், பல தடவைகளில் சொன்னது அங்கே இருப்பதில்லை. வேறு நாட்டு வானத்துக்கு எழுதியதை அப்படியே தமிழில் வாசிப்பதால் வரும் குறை இது. தங்கள் பத்திரிகை வாரம் ஒரு தடவை, 15 நிமிடத்துக்கு மேற்படாத வானியல் ஒலி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். எப்படிச் செய்யலாம், எந்த இடத்தில் பிழைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏற்கெனவே நிகழ்ச்சி செய்துகொண்டிருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒலி, காணொளி பிறகு. செக்கனுக்கு 64 கிலோபிட் வீதத்தில், மொனோவாக எம்.பி.3 ஆக்கிய 15 நிமிடப் பேச்சு 7.2 எம்.பி. மட்டுமே. அதே 15 நிமிடம் செக்கனுக்கு 1 மெகாபிட் வீதத்தில் 480பி காணொளியாகப் போனால் 112 எம்.பி.; 2.5 மெகாபிட் வீதத்தில் 720பி என்றால் 280 எம்.பி. தாண்டும். ரீலோட் போட்டு டேட்டா வாங்கும் மாணவரிடம், பேசுபவரின் முகத்தையும் துள்ளும் அலைக்கோட்டையும் காட்டுவதற்காக இவ்வளவு செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமானது. இருட்டில் மொட்டை மாடியில் நிற்பவர் ஒரு தடவை திரையைப் பார்த்தாலே இருளுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். மறுபடி பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். காதில் வரும் குரல் கண்ணைத் தொந்தரவு செய்யாது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். கேட்பவரின் கண்முன் ஒன்றுமே இல்லை என்று நினைத்து வாக்கியம் அமைக்கும் கலை நமக்குப் புதிதல்ல.

இனி வானத்துக்கு வருவோம். கொழும்பு 6.9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. இந்த ஓர் எண்ணை எழுத்தாளர் மேசையில் ஒட்டி வைத்தாலே பாதிப் பிழைகள் குறையும். துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். கொழும்பின் புகாரிலும் கட்டடங்களுக்குப் பின்னாலும் அது பெரும்பாலும் தெரியாது. 'முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்' என்று தொடங்கும் எந்த வழிகாட்டியும் இங்கே முதல் அடியிலேயே நின்றுவிடும். மாறாக, தில்லியில் அடிவானத்துக்கு மேலே முழுதாக எழாத தென்சிலுவை நமக்கு நன்றாகத் தெரியும். அதன் அடி நட்சத்திரம் சென்னையில் உச்சத்தில் 14 பாகைதான். கொழும்பில் 20 பாகை. அகத்திய நட்சத்திரமோ 30 பாகை வரை ஏறும். பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு 8 மணிக்கு ஓரியனின் இடைப்பட்டி ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கும். இங்கே வானம் படிக்கத் தொடங்க அதுவே சரியான இடம். அந்த மூன்று நட்சத்திரக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் உரோகிணி வரும், இன்னும் போனால் கார்த்திகைக் கூட்டம். மறுபக்கம் நீட்டினால் சீரியஸ்.

ஒலியில் திசை சொல்வதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் எங்கே முகம் திருப்ப வேண்டும், பிறகு எவ்வளவு உயரம், பிறகு என்ன தெரியும். உயரத்தைக் கையால் அளக்கச் சொல்லலாம்: கையை முழுதாக நீட்டினால் மடக்கிய முட்டியின் அகலம் 10 பாகை, விரித்த சாண் 20 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. கொழும்புக்காரருக்குத் திசை சொல்ல எளிய வழி கடல். உதாரணமாக மே நடுப்பகுதிக்கான வசனம் இப்படி இருக்கலாம்: 'இரவு 9 மணி. காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நில்லுங்கள், அது மேற்கு. இடப்பக்கம் முழுதாகத் திரும்புங்கள், இப்போது தெற்கு. கையை நீட்டி, அடிவானத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முட்டி வையுங்கள். அதற்குச் சற்று மேலே பட்டம் போல நான்கு நட்சத்திரங்கள்.' இதைச் சொல்லி முடித்ததும் 10 செக்கன் மௌனம் விட வேண்டும். கேட்பவர் திரும்பிப் பார்ப்பதற்கு அந்த நேரம் வேண்டும். தொகுப்பவர்கள் அமைதியை வெட்டியெறியும் பழக்கத்தில் இதையும் வெட்டிவிடுவார்கள். பிரதியிலேயே 'வெட்ட வேண்டாம்' என்று எழுதி வைப்பது நல்லது.

நேரப் பிழைகள் இரண்டு விதம். ஒன்று, அமெரிக்க நேரத்தை மாற்றும்போது வருவது. விண்கலங்கள் ஏவும் புளோரிடாவின் கோடைகால நேரத்துக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. மாலை ஏவுதல் நமக்கு மறுநாள் காலை என்பதால் தேதியும் வழுகும். மூல அறிவிப்பில் உள்ள சர்வதேச நேரத்தை (யூ.டீ.சி.) எடுத்து ஐந்தரை மணித்தியாலம் கூட்டுவதே பாதுகாப்பான வழி. மற்றது, இந்திய நேரமும் நம் நேரமும் ஒன்று என்பதால் அங்கே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது. கடிகாரம் ஒன்றுதான், வானம் வேறு. கிரகணம், சூரியன் எழும் நேரம், சர்வதேச விண்வெளி நிலையம் தெரியும் நேரம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். 2019 டிசெம்பர் 26 சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தில் வளையமாகத் தெரிந்தது, கொழும்பில் பகுதியாகவே தெரிந்தது. சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது கொழும்பில் ஏப்ரல் 7 அளவிலும் செப்டெம்பர் 5 அளவிலும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15 அளவிலும் ஓகஸ்ட் 28 அளவிலும். ஏப்ரலில் கொழும்பில் அது 12 மணிக்கு நிகழாது, 12.12 அளவில் நிகழும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, கொழும்போ 79.9 இல் இருக்கிறது என்பதே பெரும்பங்குக் காரணம். ஒரு குச்சியும் நிழலும் போதும், பாடசாலை முற்றத்தில் மாணவர் தாமே சரிபார்க்கலாம்.

விண்வெளி நிலையத்தின் நேரத்தைச் சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அதன் உயரத்தை அவ்வப்போது இயந்திரம் இயக்கிக் கூட்டுவார்கள். அதன்பின் பழைய கணிப்பு பிந்தியோ முந்தியோ போகும். ஒரு வாரத்துக்கு முன் பதிவு செய்த நிகழ்ச்சியில் நிமிடக் கணக்கில் நேரம் சொல்லக் கூடாது. 'அன்று மாலை கணிப்பை மறுபடி பாருங்கள்' என்று சொல்லிவிட வேண்டும். அல்லது அந்தப் பகுதியை மட்டும் முந்தைய நாள் பதிவு செய்து ஒட்டலாம்.

எரிகல் மழை பற்றிய அறிவிப்புகள்தான் மக்களை அதிகம் ஏமாற்றுபவை. 'மணிக்கு 120' என்று சொல்லும் எண், எரிகற்கள் புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி உச்சந்தலைக்கு நேரே இருந்து, 6.5 ஒளிப்பருமன் (நட்சத்திரத்தின் பிரகாச அளவு, எண் கூடக் கூட மங்கல்) வரை நட்சத்திரம் தெரியும் காரிருள் வானமும் இருந்தால் கிடைக்கும் எண். டிசெம்பர் 13, 14 இரவில் ஜெமினிட் மழையின் அந்தப் புள்ளி கொழும்பில் 64 பாகை வரை ஏறும். அதனால் வரும் குறைவு பத்தில் ஒரு பங்குதான். நகர வெளிச்சத்தால் வரும் குறைவுதான் பெரியது. உங்கள் வானத்தில் 4 ஒளிப்பருமன் வரை மட்டுமே தெரிந்தால், எண்ணிக்கை இன்னும் 11 ஆல் வகுபடும். ஆக 120 என்று அறிவித்தது வெள்ளவத்தை மாடியில் மணிக்கு 10. இந்தக் கணக்கை நிகழ்ச்சியில் சொல்லிவிட்டால், 10 கண்டவர் மகிழ்ச்சியோடு திரும்புவார். சொல்லாவிட்டால் 10 கண்டவரும் ஏமாந்ததாகவே நினைப்பார். ஓகஸ்ட் பெர்சீட் மழை ஐரோப்பாவுக்குத் திருவிழா. நமக்கு அதன் புள்ளி 39 பாகைக்கு மேல் ஏறாது, தென்மேற்குப் பருவ மேகமும் சேர்ந்துகொள்ளும். கொழும்பு வானம் நம்பத்தக்கதாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆண்டின் சிறந்த அவதானிப்பு அத்தியாயங்களை அந்த மாதங்களுக்கு ஒதுக்குவதே புத்தி. போயா விடுமுறையை நம்பி நட்சத்திர நிகழ்ச்சி வைப்பதும் தவறு. அன்று முழுநிலவு. போயாவுக்கு நிலவின் பள்ளங்களைப் பற்றிப் பேசுங்கள், நட்சத்திரங்களை அமாவாசையை அண்டிய நாட்களுக்கு வையுங்கள்.

எண்கள். பில்லியன் என்பது 100 கோடி, டிரில்லியன் என்பது ஒரு இலட்சம் கோடி. அவசரத்தில் பில்லியனைக் கோடி என்று வாசித்துவிட்டால் நூறு மடங்கு பிழை. பூமிக்கும் சூரியனுக்கும் சராசரித் தூரம் 14.96 கோடி கிலோமீற்றர். ஓர் ஒளியாண்டு 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். நிலவு 3 இலட்சத்து 84 ஆயிரத்து 400 கிலோமீற்றர். இந்த மூன்றையும் மனதில் வைத்திருந்தால் மற்ற எண்களில் பிழை வந்ததும் காது சொல்லிவிடும். பிரதியில் எண்ணை இலக்கத்திலும், பக்கத்தில் வாசிக்க வேண்டிய சொற்களிலும் எழுதுவது நல்லது. கணினிக் குரலை நம்பி விடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்தக் குரல்கள் தசம எண்களையும் விண்கலப் பெயர்களையும் இடறி வாசிக்கின்றன. நட்சத்திரப் பெயர்களில் பிழை விட்டாலும் குரலின் உறுதி குறைவதில்லை, கேட்பவருக்குச் சந்தேகமே வராது. என் கருத்தில், வானியல் நிகழ்ச்சிக்கு மனிதக் குரலே வேண்டும்.

செய்தி அத்தியாயங்கள்தான் மிக அதிகம் கெட்டுப்போகும் இடம். 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோளை எடுத்துக்கொள்வோம். 2024 டிசெம்பர் 27 இல் கண்டுபிடித்தார்கள். 2032 டிசெம்பர் 22 இல் அது பூமியில் விழும் வாய்ப்பு நாளுக்கு நாள் கூடி, 2025 பெப்ரவரி 18 இல் நாசாவின் கணிப்பில் 3.1 சதவீதமானது. விழக்கூடிய நீள்பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் இங்கே பயம் கூடியது. ஒரு வாரத்துக்குள் அது 0.004 சதவீதமாக விழுந்தது. பல நிகழ்ச்சிகள் 3.1 இல் ஏறி நின்று பேசின. விழுந்த பிறகு மௌனம். கேட்டவர்களுக்கு மிஞ்சியது 'எதையோ மறைக்கிறார்கள்' என்ற எண்ணம். நடந்தது இதுதான்: தொடக்கத்தில் சிறுகோள் 2032 இல் எங்கே இருக்கும் என்பது மிகப் பரந்த ஒரு பகுதி, அதற்குள் பூமி ஒரு சிறு புள்ளி. அவதானிப்பு கூடக் கூட அந்தப் பகுதி சுருங்கும். பூமி இன்னும் அதற்குள் இருக்கும் வரை, சுருங்கிய பகுதியில் பூமி பிடிக்கும் பங்கு கூடும், சதவீதம் ஏறும். மேலும் சுருங்கி, பகுதியின் விளிம்பு பூமியைத் தாண்டிப் போனதும் சதவீதம் சடாரென்று விழும். இப்படி ஏறி விழுவது இந்தக் கணிப்புகளில் எதிர்பார்க்க வேண்டிய நடைமுறை. ஏறும்போதே இதை விளக்கினால் விழும்போது நிகழ்ச்சியின் மதிப்பு கூடும். அடுத்த சிறுகோள் செய்தி நிச்சயம் வரும், அதற்கு இந்த ஒரு பத்தியை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அதேபோல '2025 ஓகஸ்ட் 2 இல் உலகம் 6 நிமிடம் இருளும்' என்று வட்ஸ்அப்பில் சுற்றியது. அன்று கிரகணமே இல்லை. உண்மையான முழுச் சூரிய கிரகணம் 2027 ஓகஸ்ட் 2 இற்கு உரியது. எகிப்தின் லக்சருக்கு அருகே 6 நிமிடம் 23 செக்கன், ஒரு குறுகிய பட்டைக்குள் மட்டும். நமக்குப் பிற்பகலில் பகுதியாகத் தெரிவது. ஆண்டும் பிழை, 'உலகம்' என்பதும் பிழை. 'செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியும்' என்ற பழைய கதையோ 2003 ஓகஸ்ட் 27 இல் செவ்வாய் 5 கோடி 58 இலட்சம் கிலோமீற்றருக்கு வந்ததிலிருந்து பிறந்தது. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் என்ற நிபந்தனை வழியில் உதிர்ந்துவிட்டது. இன்றும் ஓகஸ்ட் வந்தால் கதையும் வரும். 3ஐ/அட்லஸ் வால்வெள்ளியை வேற்றுலகக் கப்பலாக்கியவர்கள், 2025 டிசெம்பர் 19 இல் அது பூமிக்கு மிகக் கிட்ட வந்தபோதும் 27 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருந்ததைச் சொல்லவில்லை. சந்திரயான்-3 பற்றிய பெருமைப் பேச்சுகளிலும் ஒரு திருத்தம் வேண்டும். 2023 ஓகஸ்ட் 23 மாலை 6.04 க்கு அது இறங்கியது 69 பாகை தெற்கில். துருவத்திலிருந்து 600 கிலோமீற்றருக்கு மேல். தென்துருவத்தை அண்டிய பகுதி என்று சொன்னால் சாதனை ஒன்றும் குறைந்துவிடாது.

எந்தச் செய்தியையும் ஒலிப்பதிவுக்குப் போகும் முன் மூன்று கேள்வி கேட்டால் போதும்: சொன்ன நிறுவனத்தின் சொந்த அறிவிப்பைப் பார்த்தோமா? அது சக அறிஞர் மதிப்பிட்டு வெளியான ஆய்வா, மதிப்பிடும் முன்பே இணையத்தில் இட்ட முன்வரைவா? தேதியும் இடமும் நமக்கு எப்படிப் பொருந்தும்? சிறுகோள் என்றால் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தின் பக்கம், கோள்களின் நிலை என்றால் அதே இடத்தின் ஹொரைசன்ஸ் கணிப்பு, வானத்தின் தோற்றம் என்றால் இலவசமான ஸ்டெலேரியம் செயலியில் இடத்தைக் கொழும்பாக மாற்றிப் பார்ப்பது. கடைசியானது ஐந்து நிமிட வேலை, அதைத் தவிர்த்ததால் வரும் பிழைகளே மிக அதிகம்.

இனி ஒலிப்பதிவு. கொழும்புத் தொடர்மாடி வீடுகளில் ஓடு பதித்த தரையும் சீமெந்துச் சுவரும் குரலைத் திருப்பி எறியும். அந்த எதிரொலி ஒரு தடவை பதிவில் புகுந்தால் பிறகு எடுக்கவே முடியாது. நல்ல மைக் வாங்கும் முன் அறையைப் பார்க்க வேண்டும். துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசலாம். பின்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடலாம். மேசையில் துவாய் விரிக்க வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். நேரே ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்காது. மேல் மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். அடாசிட்டி என்ற ஒலித் தொகுப்புச் செயலியில் இரைச்சல் குறைக்கும் வசதி, பதிவின் தொடக்கத்தில் விட்ட ஐந்து செக்கன் வெறும் அறை ஓசையை மாதிரியாக எடுத்து, அதே ஓசையை முழுப் பதிவிலிருந்தும் கழிக்கிறது. மின்விசிறியின் ஓசை சுழன்று மாறிக்கொண்டே இருப்பதால் மாதிரி பொருந்தாது, குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். காலி வீதிப் பேருந்துகளின் அதிர்வுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி போதும். ஹோர்ன் சத்தத்துக்கு மருந்தில்லை, அந்த வசனத்தை மறுபடி பேசுவதுதான் வழி. தகரக் கூரையில் மழை பெய்தால் பதிவை ஒத்திவைக்க வேண்டும்.

கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்பவர் அதை விமான நிலைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு வந்து பதிவு நிற்கும் அல்லது சிக்னலின் 'டிர்ர்' சத்தம் நுழையும். அளவு காட்டி -12 டெசிபெல் அளவில் துள்ளும்படி வைத்துக்கொள்ளலாம். 0 ஐத் தொட்டால் குரல் கிழியும், கிழிந்ததைத் தைக்க முடியாது. மூலத்தை டபிள்யூ.ஏ.வி. கோப்பாகச் சேமித்துவிட்டு, கடைசியில் மட்டும் எம்.பி.3 ஆக்க வேண்டும். எம்.பி.3 ஐ மறுபடி மறுபடி திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தரம் இறங்கும். முடிவு ஒலியளவு மொனோவில் -19 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு), ஸ்டீரியோவில் -16, உச்சம் -1 டெசிபெல்லைத் தாண்டாமல். இதைச் செய்யாத நிகழ்ச்சியைப் பேருந்தில் கேட்பவர், குரல் எழாத இடத்தில் சத்தத்தைக் கூட்டி, அடுத்து வரும் இசையில் துள்ளி எழுவார். பேச்சுக்கு அடியில் இசை வேண்டவே வேண்டாம். கைத்தொலைபேசி ஒலிபெருக்கியில் அது மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும்.

வெளியூர் விருந்தினரோடு பேசும்போது வட்ஸ்அப் அழைப்பின் ஒலியைப் பதிவு செய்வது கடைசி வழியாக இருக்கட்டும். இருவரும் தத்தம் தொலைபேசியில் தம் குரலைத் தனியே பதிவு செய்து, பின் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று ஒரு கைதட்டல். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முடிவுக் கைதட்டலில் இடைவெளி தெரிந்தால் ஒரு தடத்தை அந்த அளவுக்கு நீட்டியோ சுருக்கியோ பொருத்தலாம். காணொளியிலும் உதடும் சொல்லும் விலகுவது இதனால்தான். அதோடு பல தொலைபேசிகள் செக்கனுக்கு இத்தனை படம் என்ற வீதத்தை நிலையாக வைப்பதில்லை. தொகுக்கும் முன் ஹேண்ட்பிரேக் செயலியில் நிலையான வீதத்துக்கு மாற்றினால் பாதித் தலைவலி தீரும். காணொளிக்கான ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்ய வேண்டும்.

வானியலுக்கு ஒலியிலேயே அற்புதமான பொருள் இருக்கிறது. 2021 பெப்ரவரி 18 இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி மைக்குகளைக் கொண்டுபோனது. அங்கே வீசும் காற்றின் ஓசையும், கூடப் போன குட்டி ஹெலிகொப்டரின் ரீங்காரமும் நாசாவின் பக்கத்தில் கிடைக்கின்றன. அங்கே ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 240 மீற்றர், இங்கே 340. மெல்லிய கரியமிலவாயுக் காற்று உயர்ந்த சுருதிகளை உறிஞ்சிவிடுவதால் எல்லாம் மங்கிக் கேட்கும். இது உண்மையான ஒலி. ஆனால் 'கருந்துளையின் ஓசை' என்று சுற்றும் பதிவு, பெர்சியஸ் விண்மீன்கூட்டத் தொகுதியின் வாயுவில் கண்ட அழுத்த அலைகளை 57, 58 எண்மங்கள் (ஓர் எண்மம் ஏறினால் சுருதி இரட்டிப்பாகும்) உயர்த்தி ஆக்கியது. அதைப் போடலாம், ஆனால் எப்படி ஆக்கியது என்று போடும் முன்பே சொல்ல வேண்டும். 1977 இல் புறப்பட்ட வோயேஜர் கலங்களின் பொற்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. அதில் சிங்களம் இருக்கிறது, தமிழ் இல்லை. இலங்கைத் தமிழ் நேயர்களுக்கு இதைவிடச் சுவையான ஓர் ஒலி அத்தியாயம் கிடைப்பது அரிது.

காணொளி வேண்டிய இடங்களும் உண்டு: தொலைநோக்கி பூட்டுவது, கிரகணத்தின் நிழல் வரைபடம், விண்கலத்தின் பாதை. அங்கே கரிய வானத்தில் சிறு வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினால், குறைந்த பிட் வீதத்துக்குச் சுருக்கும்போது மங்கல் நட்சத்திரங்கள் முழுதாக மறையும், இருள் கட்டம் கட்டமாக உடையும். வெள்ளைப் பின்னணியில் கரும்புள்ளிகளாக வரைந்த வரைபடம் 360பி இலும் தெளிவாக நிற்கும். பிறையைக் காட்டும்போதும் கவனம் வேண்டும். மேற்கத்தைய படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். நமக்கு அது மல்லாந்து, கொம்பு மேலே நீட்டிக் கிடக்கும். ஓவியர் வரைந்த கோளையும் தொலைநோக்கி எடுத்த படத்தையும் அடையாளமில்லாமல் கலப்பது மிகப் பெரிய தவறு. 'கற்பனை ஓவியம்' என்று படம் திரையில் இருக்கும் வரை எழுதி வைக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது அகச்சிவப்பில், வண்ணம் பின்னர் கொடுத்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

உரிமை பற்றி. நாசாவின் சொந்தப் படங்களுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமை இல்லை. பெயர் போட வேண்டும், சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது, அவர்கள் ஆதரவு தந்ததுபோல் காட்டக் கூடாது. வெப், ஹபிள் ஐரோப்பியப் பக்கங்களும் ஐரோப்பியத் தென்வான ஆய்வகமும் பெயர் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் தருகின்றன. நாசா நாள்தோறும் வெளியிடும் வானியல் படத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். அதில் பல படங்கள் தனி ஒளிப்படக்காரருக்கு உரியவை. படத்தின் கீழே 'பதிப்புரிமை' என்று ஒரு பெயர் இருந்தால் அவரிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும். உரிமைச் சிக்கல் யாருக்கும் வரும். 2012 ஓகஸ்டில் கியூரியோசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய காணொளியை நாசா தானே யூடியூப்பில் இட்டபோதும், ஒரு செய்தி நிறுவனத்தின் பெயரில் வந்த தன்னியக்க உரிமைக் கோரிக்கையால் அது சிறிது நேரம் மறைந்தது. ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுத்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் எதிர்வாதம் எழுதப் பத்து நிமிடம் போதும்.

வெளியிடும்போது தங்கள் அலுவலகத்தில் வரக்கூடிய சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். பத்திரிகைப் பிரதிகள் இன்னும் பல இடங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின்றன. அதை அப்படியே நிகழ்ச்சித் தலைப்பிலோ வசன வரிக் கோப்பிலோ ஒட்டினால் கேட்பவர் திரையில் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வரும். தேடலிலும் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றி, யூ.டீ.எஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஒரு தடவை கண்ணால் வாசிப்பது அவசியம். அட்டைப்படம் 1400 முதல் 3000 பிக்சல் வரை சதுரமாக இருந்தால் ஸ்பொட்டிஃபை, அப்பிள் இரண்டும் ஏற்கும். யூடியூப்பில் அத்தியாயப் பிரிவு வேண்டுமானால் விவரக் குறிப்பில் நேரங்களை 00:00 இலிருந்து தொடங்கி, குறைந்தது மூன்று, ஒவ்வொன்றும் 10 செக்கனுக்குக் குறையாமல் எழுத வேண்டும். அத்தோடு எம்.பி.3 கோப்பைத் தங்கள் சொந்தத் தளத்திலும் வைத்தால், ஆசிரியர்கள் இறக்கி வட்ஸ்அப் குழுவில் அனுப்ப முடியும்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. 2015 நவம்பர் 13 நண்பகலுக்குச் சற்று முன் நம் தென்கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்கு மேல் எரிந்து விழுந்த விண்வெளிக் குப்பை டபிள்யூ.டி.1190எஃப், விழும் நேரமும் இடமும் முன்கூட்டியே கணித்துச் சொன்ன அரிய நிகழ்வு. 2019 ஏப்ரலில் ஏவி ஜூன் 17 இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவித்த நம் சிறு செய்மதி இராவணா-1; நேபாளச் செய்மதியும் ஜப்பானியச் செய்மதியும் அதோடு கூடப் போனவை. மொரட்டுவ, கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் அன்பளித்த 45 சென்றிமீற்றர் தொலைநோக்கி. கொழும்பு 07 இல் 1965 இல் திறந்த கோள்மண்டலம். இவற்றுக்குப் பேருந்தில் போய் நேரடி ஒலி பதிவு செய்யலாம்.

ஆட்பலம் பற்றிக் கவலை வரலாம். 2009 சர்வதேச வானியல் ஆண்டில் தொடங்கிய '365 டேய்ஸ் ஒஃப் அஸ்ட்ரோனமி' என்ற பொட்காஸ்ட், ஒவ்வொரு நாளுக்கும் வெவ்வேறு ஆர்வலரும் கழகமும் அனுப்பிய பதிவைக் கொண்டு நடந்தது. அதேபோல மாதத்தில் மூன்று வாரம் தங்கள் அலுவலகமும், நான்காவது வாரம் ஒரு பாடசாலை வானியல் கழகமும் செய்யலாம். மாணவரிடம் கேட்க வேண்டியது 8 நிமிடப் பதிவு, 800 சொல்லுக்கு மேற்படாத பிரதி, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து எடுத்தது என்ற தாள். இந்தத் தாள் இல்லாத பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும், எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும்.

பிழை திருத்தத்துக்கும் இடம் வேண்டும். ஒலியை வெளியிட்ட பின் ஒரு நேரம் தவறு என்று தெரிந்தால், அந்தக் கோப்பை மாற்றி, அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொல்லி, ஞாயிறு இதழிலும் இரண்டு வரி அச்சிடுங்கள். அந்த இரண்டு வரிக்கு மேலே, வரும் ஏழு நாட்களுக்குச் சூரியன் மறையும் நேரம், நிலவின் வயது, மாலையில் தெரியும் கோள்கள், அவை நிற்கும் திசையும் முட்டிக் கணக்கில் உயரமும், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தனித்தனியாக ஒரு சிறு கட்டத்தில் போட்டால், நிகழ்ச்சி செய்பவர் எல்லாருமே அதைப் பார்த்து வாசிக்கலாம். ஒலி நிகழ்ச்சி தொடங்கத் தாமதமாகும் என்றாலும், அந்தக் கட்டத்தையாவது வரும் மாதமே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வானியல் ஆர்வலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.